ஓட்ஸின் பழைய பெயர்

அபரிஸ்ட்வித், வேல்ஸ்
2 நவம்பர் 1956

அன்புள்ள கூல்வென்,

மழையும் விடவில்லை, நானும் ஓட்ஸை விடவில்லை. நம் அகராதியில் அந்த ஒரு சொல்லோடு பதினோரு வருடம் ஓடிவிட்டது. வெல்ஷில் 'கெய்ர்க்', ஐரிஷில் 'கொர்க்கெ', பிரான்ஸில் உங்கள் பிரிட்டனியில் 'கெர்க்'. மூன்றும் ஒரே மூலமொழியில் பிறந்தவை என்கிறேன். அதற்கு நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய குறிப்புச் சீட்டுதான் ஒரே சாட்சி: ஆயிரம் வருடப் பழைய ஏட்டின் ஓரத்தில் யாரோ எழுதிய, உங்கள் மொழிச் சொல்லின் பழைய வடிவம்.

இன்று அகராதியின் பதிப்பாசிரியர் எம்ரிஸ் கேட்டார்: "ஏம்மா, சீட்டுல பக்க எண்ணைக் காணோமே. உன் மாப்பிள்ளை கண்ணால பார்த்தாரா, காதால கேட்டாரா?"

"பார்க்காம கையெழுத்துப் போடற ஆள் இல்லீங்க" என்றேன். இங்கே சீட்டில் கையெழுத்துக்கு அதுதானே அர்த்தம்? பக்க எண்ணை உடனே அனுப்பு. பத்தொன்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது.

உன்,
டெக்வென்

கெம்பேர், பிரிட்டனி
6 நவம்பர்

என் டெக்வென்,

அம்மா ஓட்ஸ் கூழைக் கிண்டிக்கொண்டே, "ஏப்ரல்ல கல்யாணம். மருமக இன்னும் புத்தகத்தையே கட்டிட்டு அழறாளா?" என்கிறாள். பக்க எண் ஏதோ பழைய நோட்டில் இருக்கிறது. தேடுகிறேன். என்மேல் நம்பிக்கை இல்லையா?

கூல்வென்

அபரிஸ்ட்வித்
12 நவம்பர்

கூல்வென்,

நம்பிக்கை இருந்ததால்தான் இவ்வளவு நாள் வேறு யாரிடமும் கேட்கவில்லை. ஏடு இருக்கும் நூலகத்துக்குத் தந்தி கொடுத்தேன். எல்லாப் பக்கங்களையும் புரட்டிவிட்டார்களாம், ஓரத்தில் ஒரு சொல்கூட இல்லையாம். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே வரி எழுது: நீ பார்த்தாயா?

டெக்வென்

கெம்பேர்
15 நவம்பர்

டெக்வென்,

பார்க்கவில்லை. அந்தச் சொல்லை நானே இட்டுக்கட்டி சீட்டில் எழுதினேன். நீ படும் பாட்டைப் பொறுக்க முடியவில்லை. உன் வாதம் எப்படியும் சரியாகத்தான் இருக்கும். ஏடு தொலைவில் இருக்கிறது, எவன் வந்து பார்க்கப்போகிறான் என்று நினைத்தேன். உன்மேல் வைத்த ஆசையில் செய்தது. நூலகம் தவறவிட்டது என்று சொல்லிவிடு. நம் இருவரோடு போகட்டும்.

உன் கூல்வென்

அபரிஸ்ட்வித்
19 நவம்பர்

கூல்வென்,

உன் சீட்டை எடுத்துவிட்டு, 'மூலம் தெரியவில்லை' என்று எழுதி இன்று அச்சுக்குக் கொடுத்தேன். "இதுக்கா பதினோரு வருஷம்?" என்று எம்ரிஸ் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அழுதேன். அவர் டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

உன் கையெழுத்தோடு இங்கே இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மூல ஏட்டோடு ஒப்பிட வேண்டும். எவ்வளவு நாளானாலும் செய்து முடிப்பேன்.

உன் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்க்க எந்த ஏடும் இல்லை. எல்லாவற்றையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

டெக்வென்