மகள் பேசிய மூன்று விதம்

இன்று காலை மாடிப்படியில் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். கதவைச் சாத்திய பிறகும் அந்த நெடி உள்ளே வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். ஆவடி ஆஸ்பத்திரி, நீ உள்ளே, நான் வராந்தாவில். இத்தனை வருடம் கழித்தும் அந்த நாளின் திகைப்பு எனக்குத் தீரவில்லை.

அப்போது உனக்கு ஏழாம் மாதம். நம் மகளை இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. சங்கு ஊதியதும் தொழிற்சாலையிலிருந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ரிக்‌ஷா நிற்கும் இடத்தில், எனக்கு முதுகு காட்டியபடி அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

“இன்னா நைனா, பாத்துகினே கீறே? எங்கம்மா உழுந்துட்டாங்கோ. ஒரே ரத்தமா கீது. வண்டிய எட்த்துகினு வா!”

“யப்பா, இன்னா வாய்! தோ வரேன், குந்து கண்ணு,” என்று ரிக்‌ஷாக்காரர் எழுந்தார்.

அங்கேயே நின்றுவிட்டேன். நம் வீட்டில் யாரும் பேசாத பேச்சு அது. குழாயடியில் பிடித்திருப்பாள். அதை யோசிக்கும் நேரமா? யோசித்தேன். அதற்குள் அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். குரல் சட்டென்று தணிந்தது.

“வந்துட்டீங்களாப்பா? அம்மாவுக்கு லேசா தலைசுத்தல். நீங்க பயப்படாதீங்க.”

ரத்தம் என்று காதால் கேட்ட பிறகும், அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு வண்டியில் ஏறினேன்.

குழந்தை தங்கவில்லை. நீ தங்குவாயா என்பதை மறுநாள்வரை யாரும் சொல்லவில்லை. நான் வராந்தாவில் துண்டால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தேன். நீ கண் திறந்ததும் அவளை உள்ளே விட்டார்கள். கதவோரம் நின்ற எனக்கு அவள் சொன்னது கேட்டது.

“அப்பா அழவே இல்லம்மா. இட்லிகூட சாப்ட்டாரு.”

யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று இந்த வயதில் இவளுக்கு எப்படித் தெரியும்?

நீ வீடு திரும்பியதும் கேட்டேன், இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று.

“யாரு சொல்லித்தரணும்? நீங்க ஷூவைக் கழட்டி, காப்பி குடிச்சு முடிக்கிறவரைக்கும் நான் எந்தச் சேதியும் சொல்லமாட்டேன். அவ பாத்துட்டுத்தானே இருக்கா,” என்று சிரித்தாய்.

அதுவரை நம் வீட்டுச் செய்திகளே அப்படி மிதமானவை என்று நம்பியிருந்தவன் நான். நீ ஆறவைத்துத் தந்திருக்கிறாய், எனக்குத்தான் தெரியவில்லை.

நீ போன பிறகு மகள் தினமும் போன் செய்கிறாள். நேற்றுக் கேட்டாள், “தனியா இருக்கிறது கஷ்டமா இருக்காப்பா?”

“இல்லம்மா. இப்ப ரசம்கூட நல்லா வருது,” என்றேன். குரல் நடுங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் நம்பினாளா, எனக்காக நம்பியதுபோல் பேசினாளா, தெரியவில்லை.

உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். அடுப்பைப் பற்றவைத்தே நாளாகிறது.