பின்சீட்டுக் கழகத்தில் ஒரு காலி இடம்

அன்பான அத்தை மகளே, எங்கள் தலைவி பூங்கொடி,

முதலில் மன்னித்துவிடு. நீ இருந்தபோது நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள், இப்போது எல்லோரும் படிக்கும் கல்லூரி மலரில் உனக்குக் கடிதம் எழுதுகிறாள். சிரித்துக்கொள்.

நான் பட்டம் வாங்கிவிட்டேன். நம் இரண்டு வீட்டுக்கும் அதுதான் முதல் பட்டம். செம்மேட்டுச் சந்தையில் மிளகு வாங்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா என் போட்டோவைக் காட்டினார். இப்போது பி.எட். சேர்ந்து, அதே காலை பஸ்ஸில்தான் மலை இறங்குகிறேன்.

நம் கழகம் தொடங்கியது நினைவிருக்கிறதா? ஏதோ ஒரு நாட்டின் தேசிய அறிவியல் கலைக் கழகத்தின் வரலாற்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, பின்சீட்டில் எனக்கு வாசித்துக் காட்டினாய். சில நண்பர்கள் ஒரு வீட்டில் கூடிப் பேசியதில் தொடங்கியதாம். போரில் மூடிக் கிடந்து மறுபடி திறந்ததாம். பெண்களைச் சேர்க்கவே தலைமுறைகள் ஆனதாம்.

"நம்ம கழகத்துல மொதல்லயே பொண்ணுங்கதான்" என்று அங்கேயே அறிவித்தாய். ஜன்னலோரம் நீ தலைவி, பக்கத்தில் நான் செயலாளர்.

"கழகம்னா எந்தக் கட்சிங்க, கண்ணு?" என்றார் கண்டக்டர்.

"வாந்தி எடுக்காத கட்சிங்க" என்றாய்.

நம் ஒரே ஆராய்ச்சி அதுதானே. கொண்டை ஊசி வளைவுகளில் பாடிக்கொண்டே வந்தால் வயிறு குமட்டாது. பாடிய நீ கலைப் பிரிவு. வாயை மூடிக்கொண்டு வந்து குமட்டிய நான் அறிவியல் பிரிவு.

கடைசி வருடத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து உன் இடத்தில் என் பை உட்கார்ந்து வருகிறது.

போன வாரம் நம் மலையிலேயே குண்டூர் நாட்டு ஊரிலிருந்து ஒரு பெண் ஏறினாள். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவள். முகம் வெளுத்துக் கம்பியைப் பிடித்து நின்றாள்.

"அக்கா, இங்க ஆராச்சும் வாராங்களா?"

"வாராங்க" என்றேன்.

அடுத்த வளைவில் கண்டக்டர் செருப்பின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அவர் காலை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏஞ்சாமி செயலாளரே, அந்தப் பைக்குக் குமட்டாதுங்களே, அதை நிக்க வெச்சா என்ன?"

அன்று முழுக்க நீ வாசித்த ஒரு பக்கம்தான் மனதில் ஓடியது. அந்தக் கழகத்தில் ஒருவர் இறந்தால் அவர் இடத்தைக் காலியாக விடமாட்டார்கள். அங்கே வந்து அமர்கிறவர் தன் முதல் உரையில், முன்பு அமர்ந்திருந்தவரைப் பற்றிப் பேச வேண்டும். "நல்லாருக்குது பாரு செல்வி, செத்தாலும் கூட்டத்த விட்டு அனுப்ப மாட்டாங்க போல" என்றாய்.

இந்தப் பெண்ணுக்கு உன்னைத் தெரியாது. நான்தான் முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். முதல் வளைவில் தொடங்கி அடிவாரம் வரைக்கும், யார் திரும்பிப் பார்த்தாலும் நிறுத்தமாட்டேன். அவளுக்குக் குமட்டினால் பாடவும் செய்வேன். என் குரல் உனக்குத் தெரியும், பஸ் தாங்கினால் சரி.

ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். திங்கட்கிழமை அந்த ஜன்னலோரத்திலிருந்து என் பையை எடுத்துவிடட்டுமா?

உன் மாமன் மகள்,
செயலாளர் செல்வி