தாயத்துக்குப் பதில் ஒரு நூல்

சட்டைப் பையில் கை விட்டால் இன்றும் உன் நூல்கண்டுதான் முதலில் தட்டுப்படுகிறது. வெறும் மஞ்சள் நூல். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்த நீ, நான் ஸ்கேன் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறைக்கு வரும்போதெல்லாம் கையோடு கொண்டு வருவாய். நீ இந்த உலகத்தை விட்டுப் போன பிறகு நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்றைக்கு அது செய்த வேலையை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, புள்ள!

திருச்செங்கோட்டுக் குழந்தை. பிறந்ததும் அழவில்லை, மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் தவித்திருக்கிறது. உடம்பைக் குளிர வைத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். மூளை அடிபட்டிருக்கிறதா என்று ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். காந்த அறைக்குள் உலோகம் ஆகாது. அப்பன்காரரோ, போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டுகிறவர், பிள்ளையின் இடுப்பிலிருந்த தாயத்துக் கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டார். "இதக் கட்டுன பெறகுதானுங்க கண்ணத் தொறந்தான். கழட்ட மாட்டனுங்க."

இந்த மாதிரி நேரத்தில் நான் காந்தம், உலோகம் என்று பாடம் நடத்துவேன், நீ சிரிப்பாய். "அட போ புள்ள, இடுப்பு வெறுமையாயிடக் கூடாதுன்னுதான் அவங்களுக்குப் பயம்" என்பாய். முதலில் நூலைக் கட்டுவாய், அப்புறம்தான் கயிற்றை அவிழ்ப்பாய். சண்டையே வராது.

அதையேதான் செய்தேன். "மொதல்ல இதக் கட்டறனுங்க, அப்புறம் அத அவுக்கலாங்க" என்றதும் அவர் கை தானாக விலகியது. அம்மா பால் கொடுத்து முடித்ததும், நீ சுற்றுகிற மாதிரியே துணியில் சுற்றி, காதை அடைத்துப் படுக்க வைத்தேன். மெஷின் போட்ட அத்தனை இரைச்சலிலும் அந்தக் குட்டிச் சாமி அசையவில்லை!

அடிபட்ட இடம் படத்தில் வெள்ளையாக ஒளிருமே. ஒவ்வொரு படமாக வர வர வெள்ளையைத் தேடினேன். வெள்ளை இல்லை. எங்கேயுமே இல்லை, புள்ள! டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். "நல்லா இருக்கு. வளர வளரக் கவனிச்சுக்குவோம்" என்று அவர் சொன்னதும் அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

தாயத்தைத் திரும்பக் கட்டும்போது நூலை அவிழ்க்கப் போனேன். தடுத்துவிட்டார்.

"அதும் இருக்கட்டுங்க. யாரு கட்டுனதுன்னு ஊட்டுல கேப்பாங்க, யாருன்னு சொல்லட்டுங்க?"

உன் பேரைச் சொன்னேன்.