இன்பமணிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தீவுக்குப் போன காரியம்

பாளையங்கோட்டை,
1912 ஜூன் மாசம், சனிக்கிழமை

ரங்கூன் பட்டணத்தில் இருக்கும் என் செல்ல மகன் ஜெபசீலனுக்கு உன் ஐயா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே வீட்டுக் கூரையும் அதற்குக் கீழே நாங்களும் இருக்கிற இடத்தில் இருக்கிறோம், நீயும் உன் அரிசி மில்லும் அங்கே அப்படியே இருக்க அவர் பார்த்துக்கொள்ளட்டும். உன் அம்மைக்கு முட்டியில் வலி, வாயில் ஒரு வலியும் இல்லை. எனக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, கருப்பட்டி வியாபாரி கடித்துப் பார்க்காமல் எப்படிச் சரக்கு வாங்குகிறது, ஆகையால் இப்போது மொத்தக் கடைக்கு உன் அம்மையைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவள் கடிக்கிறாள், நான் விலை பேசுகிறேன், அண்ணாச்சிமார் எல்லாரும் அவளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நீ அந்த ஊர் அழுகல் மீன் விழுதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடப் பழகிவிட்டதாக எழுதியிருந்தாய், நல்லது, வீட்டுக்கு வரும்போது வாயைக் கழுவிக்கொண்டு வா.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கப்பலுக்கும் நீ எழுதுகிற கடுதாசியில் உன் தங்கச்சி இன்பமணியைக் கிருபைராஜுக்குத்தான் கொடுக்கவேண்டும், காலேஜில் என் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தவன், தங்கமான பையன், ஸ்ரீவைகுண்டத்தில் வாத்தியார் வேலை, வாலிபர் சங்கத்துக்குத் தலைவன் என்று எழுதி எழுதி என் கண்ணைக் கெடுத்தாய். ஏலே, அத்தனை நாள் பக்கத்தில் படுத்தும் உன் மூக்குக்கு ஒன்றும் தட்டுப்படவில்லையா என்று கேட்கத்தான் இந்தக் கடுதாசி. அந்தச் சம்பந்தம் முறிந்துபோயிற்று. கோபப்படாதே, முதலில் இருந்து சொல்லுகிறேன், முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

மே மாசம் லீவில் நம்முடைய பக்கத்துச் சபைகளின் வாலிபர் எல்லாரும் சேர்ந்து தூத்துக்குடிக்கு எதிரே கடலுக்குள் கிடக்கிற ஒரு மணல் தீவில் தியானக் கூட்டம் நடத்துகிறது என்று ஏற்பாடு. ஊருக்குள் இருந்தால் மனசு சந்தைக்கும் சாப்பாட்டுக்கும் ஓடுமாம், தீவில் ஆண்டவரும் அலையும் மாத்திரம் இருக்குமாம், இது கிருபைராஜின் யோசனை, அவனே நடத்துகிறவன். எங்கள் கோவில் பாதிரி ஐயர், பிள்ளைகள் கடலில் இறங்கி ஏதாவது ஆகிவிடக் கூடாது, சபை மூப்பரில் ஒருத்தர் கூடப் போகவேண்டும் என்று சொல்லி என்னைப் பார்த்தார். நான் உன் அம்மையைப் பார்த்தேன். அவள் சொன்னாள், போயிட்டு வாங்க, வீட்டுக்குப் பொண்ணு பாக்க வாரவன் தலையச் சீவி ஒழுங்கா உக்காந்திருப்பான், தீவுல சீப்பு எத்தன நாளைக்கு நிக்கும், உள்ளது தெரிஞ்சிரும் என்று. உன் அம்மை படிக்காதவள், ஆனால் ஆளைக் கடித்துப் பார்க்கத் தெரிந்தவள்.

மதார் என்கிற ஒரு சாயபுவின் தோணியில் போனோம். போகிற வழியெல்லாம் நான் வாந்தி எடுத்தேன், பையன்கள் எனக்காகப் பாட்டுப் பாடினார்கள், அதனால் இன்னும் அதிகமாக வந்தது. தீவு என்று பெரிதாகச் சொன்னார்களே, உடைமுள்ளும் மணலும், கரையில் ஒதுங்கின பாசி அழுகி நாறுகிறது, சோற்றில் மணல், கண்ணை மூடி ஜெபித்தால் காலில் நண்டு. தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். ஆகையால் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து ஆற்றுத் தண்ணீரைப் பெரிய பீப்பாயில் நிரப்பி வண்டியில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து தோணியில் ஏற்றியிருந்தோம், குடிக்க சமைக்க அதுதான், மூணாம் நாள் கூட்டம் முடிகிற அன்றைக்குத்தான் மதார் திரும்ப வருவார் என்று பேச்சு.

முதல் நாள் கிருபைராஜ் பேசினான் பார், நான் பொய் சொல்லக் கூடாது, நாம் எல்லாரும் ஒரே சரீரம், ஒரே குடும்பம் என்று அவன் உருக்கமாகப் பேசினபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அங்கன உட்கார்ந்தபடியே கல்யாணத்துக்குத் தேதி வைத்து, ரங்கூனில் இருந்து எனக்கு என்ன கோட்டு வாங்கிவரச் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். ஆனால் சாப்பாட்டு வேளையில் ஒன்று பார்த்தேன். தேவதாசன் என்று ஒருத்தன் வந்திருந்தான், கீழத்தெருவில் செருப்புத் தைக்கிறவர் மகன், வாத்தியார் வேலைக்குப் படிக்கிறான், நல்ல குரல், வாய் அதைவிட நீளம், அவன்தான் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவன். பாட்டுக்கு முன்னால் நிற்கிறவன் தண்ணீருக்கு மாத்திரம் தள்ளி நிற்கிறான், வேறொருத்தன் உயரத்தில் இருந்து ஊற்ற இவன் கையேந்திக் குடிக்கிறான். இது என்னவே என்று கிருபைராஜைக் கேட்டேன். மாமா, யாரு மனசும் நோகாம பைய பைய மாத்தணும் என்றான். சரி, பைய மாறட்டும் என்று நானும் மணலைத் துப்பிக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் பாடிப் பாடித் தொண்டை வறண்டு, ஊற்றுகிறவனைக் காணாமல், தேவதாசன் தானே தகரக் குவளையைப் பீப்பாய்க்குள் விட்டு மொண்டு குடித்துவிட்டான். அவ்வளவுதான். ஸ்ரீவைகுண்டத்துப் பையன்கள் சிலபேர் நேற்று ஒரே சரீரம் என்று அழுத அதே கண்ணால் முறைத்துக்கொண்டு எழுந்தார்கள், இந்தத் தண்ணிய எங்க வாயில ஊத்த மாட்டோம், வீட்டுக்குத் தெரிஞ்சா உள்ள ஏத்த மாட்டாவ, கூட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்றார்கள். நான் கிருபைராஜைப் பார்த்தேன். இப்போது இவன் என்ன செய்கிறானோ அதுதான் என் மருமகன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவன் எல்லாரையும் முழங்காலில் நிற்கச் சொன்னான். கூட்டத்தின் சமாதானத்தைவிட ஒரு பீப்பாய்த் தண்ணீர் பெரிதல்ல என்று ஜெபித்தான். ஆமென் சொல்லிவிட்டு எழுந்து, இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு, பீப்பாயைத் தன் கையாலேயே கவிழ்த்துவிட்டான். லே, உப்புக் கடலுக்கு நடுவில், அக்கினி வெயிலில், இருக்கிற ஒரே தண்ணீரை. நான் தடுக்க ஓடுகிறதற்குள் மணல் குடித்துவிட்டது. இப்போது மதார் தோணிக்கு ஒரு துணியைக் காட்டினால் வந்துவிடுவார் என்றான். மதார் தூத்துக்குடியில் இருக்கிறார், துணியை யாருக்குக் காட்டுகிறது, நண்டுக்கா.

அடுப்பு மூட்டவில்லை, சோறு இல்லை. பசிக்கிறது என்று ஒருத்தன் என் கருப்பட்டியைத் தின்றுவிட்டு தாகம் தாங்காமல் அழுதான். கிருபைராஜ் பொறுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அந்தப் பேச்சுக்குத் தோணியில் வந்த வாந்தி எவ்வளவோ தேவலை. தேவதாசன் ஒரு உடைமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் சொல்லுகிறான், நான் ஒரு மடக்குதான் குடிச்சேன் ஐயா, இவுக ஒரு பீப்பாயையே முடிச்சிட்டாவ, இப்போ யாருக்குத் தாகம் கூட என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னான், உதடு வெடித்திருந்தது.

மத்தியானம் திரும்புகிற நேரம் உபதேசியார் மகன் ஜேசுதாசன் மயக்கம் போட்டு விழுந்தான், கண் மேலே சொருகிவிட்டது. நான் பயந்துபோய்க் கூடாரத்துக்குள் ஓடினேன், கிருபைராஜ் உள்ளேதான் இருக்கிறான் என்றார்கள். இருந்தான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து, ஒரு பெரிய பித்தளைச் செம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மீசையைத் துடைத்தான். அம்மை கெட்டிக் குடுத்தது மாமா, வெளித் தண்ணி எனக்கு ஒத்துக்கிடாது என்றான். நான் செம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து அந்தப் பையன் வாயில் ஊற்றினேன். பின்னாலேயே வந்து நின்று இவன் சொல்லுகிறான், பாத்து ஊத்துங்க, எனக்குச் சாயந்தரத்துக்கு வேணும் என்று. ஏலே ஜெபசீலா, பீப்பாயைக் கவிழ்த்ததைக்கூட பயந்தாங்கொள்ளி என்று மன்னித்திருப்பேன். இந்த ஒரு வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. மிச்சம் வைக்காமல் முழுவதையும் பையன்களுக்கு ஆளுக்கு ஒரு வாயாக ஊற்றினேன், தேவதாசனுக்கு அதே செம்பில். அவனுக்கு அடுத்தவனும் அதே செம்புக்கு வாயைத் திறந்தான்.

அதற்குமேல் மாப்பிள்ளை தலைவலி என்று படுத்துவிட்டார். கூட்டத்தை நடத்துகிறது யார், மூணாம் வகுப்பு தாண்டாத உன் ஐயாதான். ஜெபம் பண்ணுங்க மாமா என்றார்கள். ஆண்டவரே, மதாருடைய தோணியைச் சீக்கிரம் அனுப்பும், இவர்களுக்குப் புத்தி அனுப்புகிறதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெபித்தேன். அதைவிட நீளமாக ஜெபிக்க எச்சில் இல்லை. ஆனால் ஆமென் மட்டும் பலமாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் மதார் வந்தார். அவர் வீட்டுக்காரி கமர் நிஷா, பிள்ளைகள் வெயிலில் கிடக்குமே என்று அவளாகவே பெரிய பானையில் தண்ணீர் கொடுத்துவிட்டிருந்தாள். ஒரு குவளை, எல்லாரும் அதிலேயே முட்டி மோதிக் குடித்தார்கள், முதலில் முறைத்தவன்தான் முதலில் குடித்தான். பீப்பாய்த் தண்ணி என்னாச்சு என்று மதார் கேட்டார். தேவதாசன்தான் சொன்னான், தீவுக்குத் தாகமா இருந்திச்சு பாய், குடுத்திட்டோம் என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருபைராஜ் நம்ம ஊர்க் கோவிலுக்கே வந்து, எழுந்து நின்று, தீவிலே எல்லாரும் ஒருமனமாய் இருந்தோம் என்று சாட்சி சொன்னான். நான் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து சொன்னால் உன் அம்மைக்குக் கோபம் என்மேல். இது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான, தண்ணியக் கொட்டினான்னு ஒரு மாசச் சம்பளக்காரன விடுவாகளா, ஊர்ல நம்ம சனம் நாளைக்கு நம்ம வாசல்ல ஏறுமா என்று ஒரே சத்தம். இன்பமணி எல்லாம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். கடைசியில், அவுகள வரச் சொல்லுங்க, வாழப்போறது நான்தான, நானே பாத்துக்கிடுதேன் என்றாள். அப்புறம் என்னிடம் தனியாக வந்து, அன்னைக்குத் தேவதாச அண்ணனையும் வரச் சொல்லுங்க ஐயா என்றாள். எதுக்குட்டி என்றேன். சும்மா என்றாள். இந்தக் குசும்பு யாரிடம் இருந்து வந்தது என்று நீயே சொல்.

போன சனிக்கிழமை உச்சி வெயிலில் கிருபைராஜும் அவன் தாய்மாமனும் வந்தார்கள். சட்டையெல்லாம் நனைந்து, மூக்கு நுனியில் வியர்வை சொட்டுகிறது. உள்ளே பெஞ்சில் தேவதாசன் நம் வீட்டு வெண்கலத் தம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், இவர்களைப் பார்த்து எழுந்து தம்ளரை நீட்டினான். இன்பமணி வாங்கினாள். கழுவவில்லை. எல்லார் கண்ணுக்கும் முன்னால் அதே தம்ளரைப் பானையில் மொண்டு, முந்தானையால் அடியைத் துடைத்து, இரண்டு கையாலும் கிருபைராஜிடம் நீட்டினாள். உன் அம்மை கதவைப் பிடித்துக்கொண்டாள். அவன் தம்ளரைப் பார்த்தான், தாய்மாமனைப் பார்த்தான், மறுபடியும் தம்ளரைப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவன் கை எழுந்தது, நான் பார்த்தேன், சத்தியமாக எழுந்தது, எனக்கே அவன் வாங்கிவிட்டால் நன்றாக இருக்குமே என்றுதான் இருந்தது. அப்புறம் கை தானாக இறங்கிப்போயிற்று. தாகமில்ல என்றான். இன்பமணி, சரி என்றாள். அங்கனயே நின்று அந்தத் தம்ளர்த் தண்ணீரை அவளே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதுதான் நடந்தது. தாய்மாமன் வாசலில் நின்று என்னென்னவோ சொன்னார், அதை எழுத மை செலவழிக்க மாட்டேன். நம்ம சனத்தில் இரண்டு வீட்டார் என் கடையில் கருப்பட்டி வாங்குகிறதை நிறுத்திவிட்டார்கள், போகட்டும், அவர்கள் வீட்டில் காப்பி கசக்கட்டும். உன் அம்மை எனக்குச் சோறு போடுகிறாள், பேசுகிறதில்லை, மொத்தக் கடையில் விலை மட்டும் சைகையில் சொல்லுகிறாள். கிருபைராஜ் உனக்குக் கடுதாசி எழுதுவான், நன்றாகத்தான் எழுதுவான், அவனுக்குச் சொல்ல வரும். அவன் உன் சிநேகிதன், அந்தச் சிநேகத்தை விடு என்று நான் சொல்லமாட்டேன், அது உன் பாடு.

ஆனால் ஒன்று. இன்பமணி அவனுக்காக அழவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் தபால்காரன் தலை தெருவில் தெரிந்தால் உள்ளே போய்விடுகிறாள். ஏன்ட்டி என்று கேட்டதற்கு, அண்ணன் என்ன எழுதுவானோ என்றாள். அந்த மாப்பிள்ளைக்குப் பயப்படாதவள் உனக்குப் பயப்படுகிறாள் லே. ஆகையால் இந்தத் தடவை எனக்கு எழுதவேண்டாம். அவள் பேருக்கு எழுது. நீ என்ன எழுதினாலும் நான் படிக்கமாட்டேன், ஆனால் அவள் படிக்கிறபோது முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், அதை நினைத்துக்கொண்டு எழுது.

மழையில் நனையாதே, குடை வாங்கிக்கொள், வாங்கினதைத் தொலைக்காதே. உன் போக்கிலும் வரத்திலும் ஆண்டவர் துணையாக நடக்கட்டும், உன் கைவேலையை அவர் பெருக்கட்டும். உன் அம்மை உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள், அதை மட்டும் வாயைத் திறந்து சொன்னாள்.

இப்படிக்கு,
பல் ஒன்று குறைந்த உன் ஐயா,
வே. ஞானாபரணம்