வேற்று நாட்டுப் பாட்டு

எர்மேரா, கிழக்குத் திமோர்,
காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிய ஞாயிறு.

அன்பு மகன் நத்தாலினோவுக்கு அம்மா எர்மெலிந்தா எழுதுவது. மாதா அருளால் இங்கே நாட்கள் போகின்றன. அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்கிலாந்தில் குடியுரிமை தரும் சடங்கில் அவர்கள் தேசிய கீதத்தை எழுந்து நின்று பாட வேண்டும், அப்பா மனம் நோகுமா என்று கேட்டிருந்தாய். அவருக்கு வாசித்துக் காட்டினேன். உன் அத்தை ஃபெலிஸ்மினா சும்மா இருப்பாளா? "பாட்டுக்காக ஜெயிலுக்குப் போன மனுஷனுக்கு இப்படியா ஒரு புள்ள" என்று குத்தினாள்.

அவள் சொல்வதும் பொய்யில்லை. போர்த்துகீசியரிடமிருந்து சுதந்திரம் என்று அறிவித்து நம் திமோரின் பாட்டைப் பாடிய சில நாட்களிலேயே இந்தோனேசியப் படை வந்து இறங்கிவிட்டது. அதன்பின் அதைப் பாடினால் அடிதான். போர்த்துகீசிய மொழிப் பாட்டு, எனக்குப் பாதி புரியாது. "விடுதலைக்காகச் செத்தவங்களுக்குப் புகழ், இனிமே எவனுக்கும் நாம அடிமை இல்ல, அவ்வளவுதாண்டி" என்று உன் அப்பாதான் சொல்லித் தந்தார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது சொல்லை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முனகி உன்னைத் தூங்க வைப்பார். அதனால்தான் அந்தப் படை போய் விடுதலை வந்த பின் பள்ளியில் முதன்முதலாகக் கொடியேற்றிப் பாடியபோது, எல்லாப் பிள்ளைகளும் விறைத்து நிற்க, நீ மட்டும் தூங்கி விழுந்தாய். ஆசிரியைக்கு வந்த கோபத்தைப் பார்த்து அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு அவர் மேல் அன்று வந்த ஆசை இன்னும் குறையவில்லை.

இப்போது அவரால் அதிகம் பேச முடிவதில்லை. மூச்சு வாங்குகிறது. கஞ்சிகூட இரண்டு வாய்தான். உன் கேள்விக்கு நேற்றுத்தான் பதில் சொன்னார். "அங்க பாடினா யாரும் அடிக்க மாட்டாங்கல்ல? அப்புறம் என்ன, வாயத் தொறந்து பாடச் சொல்லு. முனகக் கூடாது." அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சடங்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று உடனே எழுது. அந்த நேரத்தில் தன்னைத் தூக்கி நிறுத்த வேண்டுமாம். "எம் புள்ள நிக்கும்போது நான் படுத்துக் கெடக்கலாமா" என்கிறார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அத்தை, பிடித்துக்கொள்வோம்.

நன்றாகப் பாடு, மகனே. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். பாடி முடித்ததும் அங்கே நிற்காதே, புறப்பட்டு வந்துவிடு.

உன் அம்மா,
எர்மெலிந்தா