சக்கரக் கால் முறிந்த காரணம்

ஞாயிறு, இரவு.

நானே கட்டிய சிறு விமானத்தைக் காலையில் நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே, நீர் வற்றிய அணைக்கரையில் இறக்கினேன். தனியாகப் பறந்தது இது மூன்றாவது முறைதான். வேகத்தைக் குறைக்காமல் வந்துவிட்டேன். தரையில் மோதி எகிறியதில் சக்கரக் கால் முறிந்து, விமானம் மூக்கு குத்தி நின்றது. எனக்கு உதட்டில் மட்டும் காயம்.

அந்தக் காலைப் பற்றவைத்தவன் என் மனைவியின் தம்பி செல்வம். "என் வெல்டிங்தான் விட்டுருச்சு மச்சான். ஒங்களக் கொல்லப் பாத்தேன்" என்று, பார்க்கக் கூடியிருந்த எல்லோர் முன்னாலும் அழுதான். நான் பேசாமல் இருந்தேன்.

சாயங்காலம் கினிகத்தேனையில் அவன் பட்டறைக்குப் போனேன். ஏணியில் ஏறிப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஒன் வெல்டிங் இல்லடா. எனக்குத்தான் எறக்கத் தெரியல."

"இத அங்கேயே, ஆளுங்க முன்னால சொல்லியிருக்கலாமே மச்சான்?"

பலகையை அவன் திரும்ப மாட்டும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.