கோடையில் எண்ணிய பஸ்

பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பஸ் வரவில்லை. முதல் நாள் பிள்ளைகள் எல்லாம் புதுப் பையோடு நிறுத்தத்தில் நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். உன் தங்கை கடைசிவரை நின்றாள். மறுநாளிலிருந்து நெடுஞ்சாலை ஓரமாக நடக்கிறாள். லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, வீடு சேரும்போது இருட்டிவிடுகிறது, தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிடுகிறாள். ஒரு நாள் எவனோ வண்டியை நிறுத்தி ஏறிக்கொள் என்றானாம். அவள் சொல்லவில்லை, கூட நடந்த பெண் சொன்னாள். அந்தப் பெண்ணை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது சின்னவள் தனியாக நடக்கிறாள்.

டெப்போவுக்குப் போனேன். மேலாளர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மேலேருந்து வந்த உத்தரவும்மா, நான் என்ன பண்றது. காலேஜ் பிள்ளைங்க வந்து எத்தனை பேர் ஏறுறாங்கன்னு எண்ணிட்டுப் போனாங்க. தலைமை ஆபீஸ்ல இன்னொரு பொண்ணு அதை வச்சு, ஆளே ஏறாத பஸ்ஸுன்னு குறிப்பு எழுதியிருக்கு" என்றார். எண்ணியது பள்ளிக்கூட லீவில் அல்லவா என்று கேட்டேன். "அவங்களுக்கும் அப்பத்தானே லீவு" என்றார். பக்கத்தில் நின்ற கண்டக்டர், "என்னையும் டிரைவரையும் சேர்த்தாவது எண்ணிக்கோங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன். ரொம்ப நேர்மையான புள்ளைங்க, மாட்டேன்னுட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குறிப்பு எழுதிய பெண் என் மகள் என்று சொல்லவில்லை. அரசாங்க ஆபீசில் என் மகள் இன்டர்ன்ஷிப் செய்கிறாள் என்று, நான் துணி துவைக்கும் ஆஸ்பத்திரி லாண்டரி முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

நம் ஊர் பஸ் தடம் என்று பார்த்ததும் கை நின்றது என்று போனில் சொன்னாய். "நம்ம ஊருங்கிறதுக்காக சலுகை காட்டக் கூடாதும்மா, அதான் எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன்" என்றாய். சரி. அப்படித்தான் உன்னை வளர்த்தோம். ஆனால் அந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள் நீ. படிக்கட்டில் தொங்கியதற்கு அப்பாவிடம் அடி வாங்கியவள். கோடையில் அது வெறும் வண்டியாக ஓடும் என்பது அந்த ஆபீசில் உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததைச் சொல்வது சலுகையா. எனக்குப் புரியவில்லை. மறுபடி எண்ணச் சொல்லி உன் மேலதிகாரியிடம் கேட்டாய், அதுவரைக்கும் சந்தோஷம். அவர் சொன்ன பதில்தான் எனக்கு ஒப்பவில்லை. எண்ண ஆள் வேண்டுமாம். ஆள் அடுத்த கோடையில்தான் வருவார்களாம்.

டீக்கடையில் பஸ் பேச்சு வந்தால் அப்பா எழுந்து வந்துவிடுகிறார். சின்னவளுக்கு உன்மேல் கோபமில்லை. "எங்கக்கா ஒரே பேனாக் கோட்டுல மொத்த ஊரையும் நடக்க வச்சுட்டா, பெரிய ஆளுதான்" என்று கிண்டல் செய்கிறாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேற்று தன் புத்தகங்களை எல்லாம் எடுத்து, நீ விட்டுப்போன புத்தகங்களுக்கு மேலே அடுக்கி வைத்தாள்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வராதே. நீ வந்து நின்றால் பஸ் ஓடப் போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நீ எழுதுவது இனி யார் வயிற்றிலும் அடிக்காமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். திங்கட்கிழமை போன் செய்யாதே. அன்றிலிருந்து சின்னவள் என்னோடு லாண்டரி வேலைக்கு வருகிறாள். நீ கேட்டால் பிடித்திருக்கிறது என்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா